ஒன்பது உலகங்களும் மூன்று அண்ணன்மாரும்

கற்பனைப் பேருலகங்களைச் சிருஷ்டிக்கும் இலக்கியம், அதாவது எந்தப் பூகோளப் படத்திலும் இல்லாத நாடுகளுக்கு மலையும் ஆறும் வகுத்து, அங்கு வாழும் இனங்களுக்கு மொழியும் வமிசாவளியும் தந்து, அவ்வுலகின் ஆதியையும் அந்தத்தையும் சொல்லிச் செல்லும் இலக்கியம், தமிழில் ஏன் தழைக்கவில்லை என்று கேட்டால், படித்தவர் கூடுமிடங்களில் ஆயத்தமாக ஒரு விடை கிடைக்கிறது. அதற்கு வேண்டிய மூலதனம் நார்ஸ் மக்களின் தொன்மம். அது வட ஐரோப்பாவின் குளிர்நாடுகளுக்குரிய சொத்து. நமக்கு அத்தகைய ஒன்று வாய்க்கவில்லை. ஆகையால் எழுத விரும்பும் தமிழ் இளைஞர் அங்கிருந்து கடன் பெறுவதே வழி என்பது அவ்விடை. இக்கருத்து பிழையானது, பிழையானதோடு கேடும் விளைவிப்பது. கள்ளக்குறிச்சிச் சீமையையும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையையும் அறிந்தவர் இதைக் கேட்டுவிட்டு வாளா இருத்தல் தகாது.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைத்த பின்னரே மறுக்கப் புகுவது முறை. ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீன் 1937இல் வெளியிட்ட ‘ஹாபிட்’ கதையில் வரும் தோரின், ஃபீலி, கீலி, பொம்பூர் முதலான குள்ளர்களின் பெயர்கள் ‘வோலுஸ்பா’ என்னும் நார்ஸ் பழம்பாட்டின் பெயர்ப் பட்டியலொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. கண்டால்ஃப் என்னும் மந்திரக் கிழவனின் பெயரும் அதே பட்டியலில் இருக்கிறது. அக்கிழவனைத் தாம் ஓடின் என்னும் தேவனைப் போன்ற வழிப்போக்கனாகவே கருதியதாக டோல்கீன் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். பொற்குவியலின்மேற் படுத்திருக்கும் ஃபாஃப்னிர் என்னும் நாகம், அந்தவாரி என்னும் குள்ளனின் சாபம் படிந்த மோதிரம் ஆகியவற்றின் சாயலும் அவர் கதைகளில் உண்டு. 1954, 1955ஆம் ஆண்டுகளில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வெளிவந்த பின் எழுதியவர்கள் பெரும்பாலும் அந்தக் கிணற்றிலேயே நீர் மொண்டனர். இதுவரை எவரும் மறுக்கத் தேவையில்லை. இதற்கு மேல்தான் மூன்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. நார்ஸ் தொன்மம் ஒன்பது உலகங்களையும் இக்ட்ராசில் என்னும் பெருமரத்தையும் ரக்னரோக் என்னும் இறுதிப் போரையும் கொண்ட முழுமையான அமைப்பு, நம்முடையவையோ சிதறியவை என்பது ஒன்று. அச்சமயம் மறைந்துவிட்டதால் எழுத்தாளர் அதைத் தம் இச்சைப்படி ஆளலாம், நம் தெய்வங்களோ பூசையில் இருப்பவை, தொட்டால் வழக்கு வரும் என்பது இரண்டு. நம் கிராமங்களிலும் மலைகளிலும் உள்ளவை பாரத ராமாயணங்களின் எச்சங்களே, சுயமான தொன்மம் அங்கில்லை என்பது மூன்று.

1. முழுமையான அமைப்பு என்று எதைச் சொல்கிறார்கள்? ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தைத் தழுவியது கி.பி. 1000ஐ ஒட்டி. ஸ்நோரி ஸ்டுர்லுசன் என்னும் ஐஸ்லாந்துப் பிரபு தமது ‘எட்டா’வை இயற்றியது ஏறத்தாழ 1220இல். கோயிலும் பலியும் ஒழிந்து இருநூறு ஆண்டுகள் கடந்தபின், பழம்பாட்டுக்களின் உவமைகளை விளங்கிக்கொள்ள இயலாமற் போன இளங்கவிகளுக்குப் பாடநூலாக எழுதப்பட்ட அந்நூலிலிருந்துதான் நார்ஸ் உலகத்தின் ஒழுங்கு பெரும்பாலும் நமக்குக் கிடைக்கிறது. பாட்டுக்கள் ஒன்பது உலகம் என்று சொல்கின்றனவேயன்றி, அவ்வொன்பதும் எவை என்று எப்பாட்டும் வரிசையாக எண்ணித் தரவில்லை. பள்ளிப் புத்தகங்களில் மரத்தைச் சுற்றி வட்டங்களாக வரையப்படும் படம் பிற்காலத்தார் இட்டு நிரப்பியது. பாட்டுக்களில் பெரும்பகுதியைக் காத்து நிற்பது பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே ஒரு கையெழுத்துச் சுவடி. அது 1643இல் ஐஸ்லாந்து பிஷப் ஒருவர் கையில் வந்து சேராதிருந்தால், நாம் போற்றும் அந்த அமைப்பின் பாதி இன்று இல்லை. ஆகவே முழுமை என்பது தொன்மத்தின் குணமாக வந்ததல்ல. அதன்மேல் உழைத்தவர்கள் அதற்குத் தந்தது.

சிதறியிருத்தல் குறை என்பவர் திருக்கோவலூருக்கு ஒரு நாள் போய்வரட்டும். தென்பெண்ணைக் கரையிலுள்ள அவ்வூரில் மூவுலகையும் ஈரடியால் அளந்து மூன்றாமடிக்கு இடம் கேட்டவன் தூக்கிய திருவடியோடு நிற்கிறான். சற்றுத் தொலைவில் கீழையூரில், அந்தகாசுரனைச் சிவபெருமான் வதைத்த வீரட்டம் இருக்கிறது. ஆற்றின் நடுவே, தம் நண்பன் பாரியின் மகளிரை மணஞ்செய்வித்தபின் கபிலர் தீப்புகுந்ததாகச் சொல்லப்படும் குன்று நிற்கிறது. வீரட்டானக் கோயிலிலுள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டே கபிலர் வரலாற்றைப் பேசுகிறது. இதே ஊரிலிருந்து ஆண்ட மலையமான் காரி, கொல்லிமலைக்குரிய ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன். தேவன் அளந்த உலகம், அசுரன் மாண்ட களம், நட்பின் பொருட்டுப் புலவர் உயிர்விட்ட பாறை, மலைக்காக மன்னர் பொருத போர் ஆகிய நான்கு அடுக்குகளும் ஓர் ஆற்றங்கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகிடக்கின்றன. ஈமிர் என்னும் ஆதி அரக்கனைக் கொன்று அவன் மண்டையோட்டை வானமாகக் கவித்தார்கள் என்கிறது நார்ஸ். நம் கதையோ உலகைக் கொலையால் ஆக்காமல் அளவையால் ஆட்கொள்கிறது. எது உயர்ந்தது என்பது இங்கு வினாவன்று. இவ்வளவும் கையெட்டும் தூரத்தில் இருக்க, அமைப்பு இல்லை என்று சொல்பவர் அமைத்துப் பார்த்ததுண்டா என்பதே வினா.

2. நார்ஸ் ஒன்றே மூலம் என்பதாவது உண்மையா? டோல்கீனையே சாட்சிக்கு அழைக்கலாம். அவர் இளமையில் மனத்தைப் பறிகொடுத்தது ‘கலெவாலா’ என்னும் பின்லாந்துக் காப்பியத்திடம். அதில் வரும் குல்லெர்வோவின் துயரக் கதையே அவருடைய தூரின் கதைக்கு வித்து. பின்னிஷ் மொழி நார்ஸ் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அவர் ஆக்கிய தேவகணங்களின் மொழியொன்றுக்கு வேல்ஸ் மொழியின் ஓசை ஆதாரம். அவருக்குப் பின் 1968இல் உர்சுலா லெ குவின் ‘எர்த்ஸீ’ தீவுக்கூட்டத்தைச் சீன நாட்டுத் தாவோ தத்துவத்தின் மேல் நிறுவினார். அத்தீவுகளின் மாந்தரும் பெரும்பாலும் கருநிறமும் செந்நிறமும் உடையவர்கள். அதற்கும் முன்னரே, 1952இல், நைஜீரியாவின் அமோஸ் டுடுவோலா யொரூபா மக்களின் கதைகளிலிருந்து ‘பாம்-ஒயின் ட்ரிங்கர்ட்’ எழுதி வெளியிட்டார். மூவரும் தத்தம் கைக்கெட்டிய மண்ணிலிருந்தோ மனத்துக்கு உகந்த நூலிலிருந்தோ எடுத்தனர். அந்த உரிமை நமக்கு மட்டும் மறுக்கப்படுவது ஏன்?

3. இறந்த சமயம்தான் எழுத்தாளருக்குச் சுதந்திரம் தரும் என்பது இவ்வாதங்களுள் மிகவும் கௌரவமான வாதம்; அதனால் அதற்குப் பொறுமையோடு பதில் சொல்ல வேண்டும். அஞ்சுவோர் சுட்டிக்காட்டும் நிகழ்ச்சி கற்பிதமன்று. திருச்செங்கோட்டைக் களமாக வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே துறப்பதாக அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பின்னரே அவர் மீண்டும் எழுத வந்தார். இதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் இதிலிருந்து பெறப்படுவது என்ன? கூட்டத்தின் மிரட்டலிலிருந்து எழுத்தாளரைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பது பெறப்படும். நம் தொன்மம் கற்பனைக்கு இடந்தராது என்பது எவ்வாறு பெறப்படும்? ஸ்நோரிக்கும் இந்த அச்சம் இருந்தது. கிறிஸ்தவ நாட்டில் பழைய தேவர்களைப் பற்றி எழுதப் புகுந்த அவர், அத்தேவர்கள் திராய் நகரத்திலிருந்து வந்த மனிதர்களே என்று ஒரு முன்னுரையைத் தம் நூலுக்குக் கவசமாக அணிவித்தார். மேலும், அச்சமயம் இறந்தே கிடக்கிறது என்பதும் சரியன்று. 1973இல் ஐஸ்லாந்து அரசு ஓடினையும் தோரையும் வணங்கும் சபையொன்றைச் சட்டப்படி அங்கீகரித்தது. அதனால் எந்தக் கதாசிரியரின் பேனாவும் ஓய்ந்துவிடவில்லை.

உயிருள்ள வழிபாடு கற்பனையை ஒடுக்கும் என்பவர் செஞ்சி, கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழா ஒன்றைக் கண்டதுண்டா? பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அரங்கிலே கட்டியங்காரன் அரசரையும் தேவரையும் எதிரே நிறுத்தி வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்கிறான், சபை சிரிக்கிறது, அதே சபை விழா முடிவில் அதே அம்மன் பெயரால் காப்புக் கட்டிக்கொண்டு தீக்குழியில் இறங்குகிறது. படுகளத்தன்று, துரியோதனன் உருவத்தை ஈரமண்ணால் தரையிலே மல்லாந்து படுத்த நிலையில் செய்கிறார்கள். ஓர் ஆள் ஏறி நடக்கக்கூடிய நீளமும் அகலமும் உடைய உடம்பு. கண்ணும் மீசையும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். தொடையிலே குங்குமக் குழம்பு மறைத்து வைக்கப்பட்டிருக்கும். வேடமிட்ட வீமனும் துரியோதனனும் அவ்வுடம்பின்மீதே ஏறிப் போரிடுகிறார்கள், தொடை பிளக்கிறது, திரௌபதி அச்செம்மையைத் தொட்டுக் கூந்தலை முடிக்கிறாள். அடுத்த நாழிகைக்குள் ஊரார் அம்மண்ணைப் பிடிபிடியாக வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். ஒரு பேருடலைத் தரையில் கிடத்தி அதன்மேல் ஒரு யுகத்தின் முடிவை நடத்திக் காட்டும் இந்தத் துணிவு வழிபாட்டுக்கு வெளியிலிருந்து வந்ததா? பக்தி மிகுந்த இடத்தில்தான் கற்பனைக்கும் உரிமை மிகுந்திருக்கிறது.

4. ‘பாரதத்தின் எச்சம்’ என்று இதைத்தான் ஒதுக்குகிறார்கள். இவ்வாதத்தின்மேல் சற்று அதிகமாகவே தங்க விரும்புகிறேன், ஏனெனில் தவறு முழுவதும் இங்கிருந்துதான் முளைக்கிறது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகம், கூத்தாண்டவராகிய அரவானின் ஊர். வடமொழிப் பாரதத்தில் இந்த அரவானுக்கு உள்ள இடம் மிகச் சிறிது: அருச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தான், எட்டாம் நாட் போரில் அலம்புசன் என்னும் அரக்கன் கையால் மாண்டான், அவ்வளவே. ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் தமிழில் பாரதம் பாடியபோது அரவான் களப்பலியாகிவிட்டான். வெற்றியை வேண்டிக் காளிக்குத் தன் உடலை அரிந்து கொடுப்பவன் ஆனான். வில்லிபுத்தூராரும் அவ்வழியே சென்றார். ஊர் மக்கள் அதோடு நிற்கவில்லை. நாளை சாகப்போகிறவன் இன்றிரவு மணமின்றிப் போகலாமா என்று கேட்டார்கள். பெண் கொடுப்பார் எவருமில்லாதபோது கண்ணனே மோகினியாகி மாலையிட்டான் என்றார்கள். வெட்டுண்ட தலை மட்டும் கண் மூடாமல் பதினெட்டு நாட் போரையும் பார்த்தது என்றார்கள்.

சித்திரை மாதத்தில் கூவாகத்துக்குப் போனால் அக்கதை எவ்வாறு வாழ்கிறது என்பதைக் கண்ணால் காணலாம். நாடெங்குமிருந்து வரும் திருநங்கையரும், நேர்ந்துகொண்ட ஊர் ஆடவரும், பூசாரி கையால் மஞ்சட் கயிற்றில் தாலி ஏற்கிறார்கள். மறுநாட் காலையில் தேர் புறப்படும். வைக்கோலும் பூமாலைகளும் சுற்றிய அத்தேருடம்பின் உறுப்புக்கள் சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து வந்து சேர்ந்து ஒரே அரவானாக எழுந்து நிற்கும். அழுகளத்தை அடைந்ததும் பூக்கள் உதிர்க்கப்படும், தாலிகள் அறுக்கப்படும், வளையல்கள் உடையும், வெள்ளைப் புடவை உடுத்துவார்கள். முந்திய இரவு முழுதும் ஆடிப்பாடிய அதே பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழும் அவ்வழுகையில் நடிப்பென்று சொல்லத்தக்கது எதையும் நான் கண்டதில்லை. அவர்கள் அழுவது அரவானுக்காகவும் தங்களுக்காகவும்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். டோல்கீனுக்குப் பழம்பாட்டு தந்தது ஒரு பெயர்ப் பட்டியல். அப்பெயர்களைக் கொண்டு அவர் ஓர் உலகம் சமைத்தார். தென்னார்க்காட்டுக் குடியானவர்களுக்கு இதிகாசம் தந்தது எட்டாம் நாட் போரில் முடிந்த ஓர் இளைஞன். அவனைக் கொண்டு அவர்கள் ஒரு தெய்வத்தையும் ஒரு திருமணத்தையும் ஒரு துக்கத்தையும், சமூகம் கைவிட்டவர்களுக்கு ஆண்டில் ஒரு நாள் மணமகளாகும் பாத்தியதையையும் சமைத்தார்கள். ஆக்ஸ்போர்டில் நடந்தால் சிருஷ்டி, கூவாகத்தில் நடந்தால் எச்சமா?

மலைமேல் ஏறினால் பாரதத்தின் நிழலும் பின்தங்கிவிடுகிறது. கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகியவற்றில் வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் சகோதரர் மூவர் கரியராமன் என்னும் தம் தெய்வத்தோடு அந்நகரை விட்டு வந்து, மலைக்கொருவராகப் பிரிந்து குடியேறினார்கள். வழியில் வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்தார்கள். எவர் எம்மலைக்குச் சென்றார் என்பது மலைக்கு மலை மாறுகிறது. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலிலேயே இக்கதை பதிவாகியிருக்கிறது. ஓடின், விலி, வே என்னும் மூன்று சகோதரர் உலகைச் செய்த கதையை வகுப்பில் வியந்து சொல்லும் ஆசிரியர், தம் ஊரிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய மலையில் மூன்று சகோதரர் மலைகளைப் பங்கிட்டுக்கொண்ட கதை வழங்குவதை அறியார். அம்மலையின் மெய்வரலாறும் கதைக்குக் குறைந்ததல்ல: நாடு 1947இல் விடுதலை பெற்ற பின்பும், 1976 வரை கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்தது, சமவெளியில் தேர்தல்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில், மலையில் இன்னொரு காலம் ஓடியது. ஒரே நாட்டுக்குள் இரண்டு காலங்கள் என்பது எழுதத் தெரிந்தவருக்கு எவ்வளவு பெரிய பொருள்!

5. இங்கே நம் பக்கத்தாரில் சிலரையும் மறுக்க வேண்டியிருக்கிறது. நார்ஸ் பெருமையைக் கேட்டுச் சினமுற்று, ஓடின் நம் தேவன்தான், மீமிரின் வெட்டுண்ட தலை நம் அரவான் தலைதான், எல்லாம் இங்கிருந்து சென்றவை என்று எழுந்து நிற்பவர்கள் எதிர்க்கட்சியின் தவற்றையே மறுபுறம் திருப்பிச் செய்கிறார்கள். மீமிரின் தலையை ஓடின் மூலிகையிட்டுப் பதப்படுத்தி, அதனிடம் இரகசியங்களைக் கேட்டறிந்தான்; அது ஞானத்தின் தலை. அரவானின் தலை எவருக்கும் ஆலோசனை சொல்லவில்லை. தான் யாருக்காக வெட்டுண்டதோ அவர்கள் தம் உறவினரையே கொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது சாட்சியின் தலை. ஒற்றுமை கண்ட இடத்தில் உறவு கற்பித்தால் இவ்வேற்றுமை, அதாவது நமக்கே உரிய அந்தப் பகுதி, மறைந்துபோகும். பிறர் வேரைத் தம் வேர் என்பதும் தம் வேரை இல்லை என்பதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். இரண்டிலும் ஒருவரும் மலையேறிக் கேட்கவில்லை.

6. விளைவு என்ன என்று பார்ப்போம். கடன் வாங்கச் சொல்லும் உபதேசத்தைக் கேட்ட மாணவர், பனியைக் கண்டிராமலே பனிப்புயல் எழுதுகிறார். தேக்கையும் கடுக்காயையும் அறிந்தவர் பிர்ச் மரத்தை வர்ணிக்கிறார். தோர் என்னும் தேவனின் சம்மட்டிக்குப் பிடி ஏன் குட்டையானது என்பதை விளையாட்டுத் திரையிலிருந்து கற்றவருக்குக் கரியராமன் யார் என்பது தெரியவில்லை. இதில் நார்ஸ் கதைகளைக் குறைகூற ஒன்றுமில்லை. அவற்றைப் படிப்பது நன்று, நன்றாகப் படிப்பது இன்னும் நன்று. கேடு வேறிடத்தில் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நாட்களில், கல்வராயன் மலையின் பெயர் நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது. சாராயம் காய்ச்சும் இடம் என்ற ஒரே அடையாளத்தோடு அடிபட்டது. ஒரு மக்கட்கூட்டத்தைப் பற்றி வெளியுலகம் அறிந்தது அவ்வொன்றுதான் என்றால், அக்கூட்டத்தின் சிறுவன் தன்னைப் பற்றியும் அதையே நம்பத் தொடங்குவான். உனக்குத் தொன்மம் இல்லை என்று அவனிடம் சொல்வது இலக்கிய விமரிசனமாகத் தோன்றலாம். அவன் காதில் அது உனக்கு முன்னோர் இல்லை என்றே விழும்.

‘கலெவாலா’வை 1835இல் வெளியிட்ட எலியாஸ் லோன்ரோட் ஒரு மருத்துவர்; பின்லாந்தின் ஒதுக்குப்புறமான கயானி என்னும் ஊரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, எல்லைப்புறக் கிராமங்களுக்கு நடந்து நடந்து சென்று, பாடகர்கள் வாயால் கேட்டவற்றை எழுதினார்; 1849இல் அதை இருமடங்குக்கு அருகே விரித்து மறுபடியும் வெளியிட்டார். அந்த உத்தியோகஸ்தரின் நோட்டுப் புத்தகங்கள் இல்லாவிடில் டோல்கீனின் தூரின் இல்லை. கல்வராயன் மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. சமவெளியிலிருந்து படித்தவர்கள் அங்கே உத்தியோகத்துக்குப் போகிறார்கள். வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும், அவற்றைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வளவிலும், அதாவது மலைச் சிற்றூரிலும், அண்ணன்மார் கதையைத் தம் பாட்டன் சொன்னபடி சொல்லக்கூடிய முதியோரிடம் அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: காஞ்சியை விட்டு ஏன் புறப்பட்டார்கள், எவ்வழியாக வந்தார்கள், எந்த ஆற்றைக் கடந்தார்கள், யார் முதலில் மலையேறினார், தெய்வத்தை யார் சுமந்தார், எந்த இடத்தில் பிரிந்தார்கள். ஒரு வளவில் கேட்டதை இன்னொரு வளவில் கேட்டதோடு இசைத்து ஒன்றாக்கிவிடாமல், முரண்பாடுகள் முரண்பாடுகளாகவே நிற்கும்படி, சொன்னவர் சொன்ன வாக்கிலேயே அவற்றை எழுதிவைக்க வேண்டும்.